‘இழப்பு’ வேறு, ‘இழப்பீடு’ வேறு: ஏற்காட்டில் பரவும் செய்தி தவறானது

“பருவம் தப்பிய மழையில் காப்பி இழந்தவர்களுக்குப் பாரிஸ் உடன்படிக்கைப்படி வெளிநாடுகள் இழப்பீடு தர வேண்டும், ஆதார் எண்ணை அனுப்பிப் பதிவு செய்யுங்கள்” என்றொரு செய்தி சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவிவருகிறது. இது உண்மையல்ல.

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள நாடுகள் 2015இல் ஏற்ற அந்தப் பாரிஸ் உடன்படிக்கையில் 8ஆவது பிரிவு, காலநிலை மாற்றத்தால் நேரும் ‘இழப்பும் சேதமும்’ பற்றிப் பேசுகிறது. ஆனால், அப்பிரிவு சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்று, உடன்படிக்கையை ஏற்ற அதே மாநாட்டுத் தீர்மானத்தின் 51ஆவது பத்தி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ‘இழப்பு’ என்ற சொல்லை ‘இழப்பீடு’ என்று மாற்றிப் படித்ததால் வந்த குழப்பமாகவே இது எனக்குப் படுகிறது. இத்தகைய இழப்புக்கும் சேதத்துக்கும் உதவ 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முடிவான நிதியம் வளரும் நாடுகளுக்கானது. அதற்குப் பணம் தருவது நாடுகளின் விருப்பம்.

‘காலநிலை மாற்றம்’ என்பதற்கும் 1992ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, முதல் பிரிவிலேயே வரையறை தருகிறது: வளிமண்டலத்தின் சேர்க்கையை மாற்றும் மனிதச் செயல்களால், இயற்கையான ஏற்ற இறக்கத்துக்கும் மேலாக நிகழும் மாற்றம். களத்தில் காயவைத்த காப்பிக்கொட்டை ஒரே இரவு மழையில் நனைந்து பூசணம் பிடிப்பதன் வலி பெரிது. ஆயினும் அந்த ஒரு மழையே இந்த வரையறைக்குள் வந்துவிடாது.

மூல ஆவணங்களை ஐ.நா. காலநிலை அமைப்பின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். பயிர்ச் சேதத்தை கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள். ஆதார் எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள், இச்செய்தியை மேலும் பகிராதீர்கள்.