தேங்காய்க்கு வழி கேட்ட குமரேசன்

(திருவையாறு டீக்கடை. தங்கராசு, மதகு திறந்து மூடி ஓய்வுபெற்ற லஸ்கர்.)

குமரேசன்: மாமா, ஒரு வேண்டுதல். தேங்காயில பேரெழுதி தலைக்காவிரியில விடப்போறேன். பூம்புகார்ல மச்சான் எடுத்துக்குவான். 800 கிலோமீட்டர்தானே, ஒம்பதாம் நாள் வந்துரும்ல?

தங்கராசு: தலைக்காவிரியில இருக்கிறது சின்ன குண்டம் மாப்ள. அதுல மிதக்கும், நகராது. பாகமண்டலத்துல கன்னிகை ஆறு சேர்ந்தப்புறம் விடு.

குமரேசன்: சரி, அங்கயே விடறேன்.

தங்கராசு: அடுத்து கிருஷ்ணராஜசாகர் அணை, 124.8 அடி. நிரம்பலேன்னா கீழ்மதகுலதான் தண்ணி விடுவான். ஒன் தேங்கா மேல மிதந்துக்கிட்டு, வீட்டோட மாப்ளையாட்டம் அங்கயே கெடக்கும்.

குமரேசன்: நிரம்பி வழிஞ்சா?

தங்கராசு: சிவசமுத்திரம் இருக்கே! ககனசுக்கி, பரசுக்கின்னு ரெண்டு அருவி. 1902லயே கோலார் தங்கவயலுக்குக் கரண்டு குடுத்த எடம். அந்த உயரத்துலேர்ந்து விழுந்தா வேண்டுதல் அங்கயே நெறவேறிரும். சிதறுகாய்!

குமரேசன்: உரிக்காம விடறேன் மாமா.

தங்கராசு: விவரமானவன்தான். மேகதாட்டு தாண்டி பிலிகுண்டுலுல அளப்பாங்க.

குமரேசன்: தேங்காயையா?

தங்கராசு: தண்ணியடா! 2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி கர்நாடகா வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. விடணும். தேங்கா கணக்குல வராது. அப்புறம் ஒகேனக்கல், மேட்டூர். 120 அடி தொட்டு 16 கண் மதகு தொறந்தாத்தான் மேல மிதக்கறது வெளிய வரும். இல்லேன்னா 93.47 டி.எம்.சி. ஏரியில சுத்திக்கிட்டே இருக்கும்.

குமரேசன்: அப்ப நல்ல வெள்ளம் வர்றப்ப விட்டுடறேன்.

தங்கராசு: அங்கதான் மாட்டிக்கிட்ட. முக்கொம்புல காவிரியிலேர்ந்து பிரியற கொள்ளிடம் நேரா, சரிவா ஓடும். முன்னாடி தண்ணியெல்லாம் அதுலயே எறங்கி, காவிரி மணல் மேடாச்சு. அதுக்காகத்தான் 1836ல வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் முக்கொம்புல கொள்ளிடத்துக்குக் குறுக்க அணை கட்டுனாரு. அளவா வந்தா காவிரிப் பக்கம் திரும்பும். வெள்ளம்னா கொள்ளிடத்து ஷட்டரைத் தூக்கிருவோம். தூக்கலேன்னா இந்த டீக்கடையே மிதக்கும்.

குமரேசன்: சரி, கொள்ளிடத்துலயே வரட்டுமே. அதுவும் கடலுக்குத்தானே போவுது?

தங்கராசு: போவுது, பழையாறு பக்கம். மச்சான் நிக்கிறது அதுக்குத் தெக்க, பூம்புகார்ல!

குமரேசன்: என்ன மாமா இது! வெள்ளம் வரலேன்னா மேட்டூர் தாண்டாது, வந்தா கொள்ளிடத்துல போயிரும். கல்லணைக்குக் கீழ காவிரியில எப்படித்தான் எறங்கறது?

தங்கராசு: எறங்குனாலும், வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் அங்கயே பங்கு வாங்கிரும். அப்புறம் குடமுருட்டி, அரசலாறு. கடைமடைக்குப் போறப்ப ஆறு வாய்க்காலாயிருக்கும். நடுவுல எந்த ரெகுலேட்டர்ல ஆகாயத்தாமரையோட அடைச்சுக்கிட்டு நிக்குதோ, அந்த லஸ்கர்தான் எடுத்து சட்னி அரைப்பான்.

குமரேசன்: நீங்க எத்தன அரைச்சீங்க?

தங்கராசு: (டீயை உறிஞ்சுகிறார்) மயிலாடுதுறையிலேர்ந்து பூம்புகாருக்கு பஸ் இருக்கு மாப்ள. ஒரு தேங்காய்க்கெல்லாம் லக்கேஜ் கேக்க மாட்டாங்க.