மூன்று மாத கோர்ஸ் போதுமாம்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். போன ஞாயிற்றுக்கிழமை, இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஹட்டனில் நடந்த பாராட்டு விழா. ஓ.எல், அதாவது பதினோராம் வகுப்புப் பரீட்சை, பாஸ் பண்ணிய பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்கைப் பிடித்த 'நம்மவர்' சொல்கிறார்: "இப்ப இது ஒரு ஃபேஷன். ஏஐ-யில மாஸ்டர்ஸ் படிக்கிறாங்களாம். நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதுக்கு? மூணு மாச கோர்ஸ் ஒண்ணு போதும்."

ஹோல் முழுக்கக் கைதட்டல். தட்டியவர்களில் என் பெரியப்பா மகனும் ஒருவன், இரண்டாவது வரிசையில் தெளிவாகத் தெரிகிறான். அவனிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

பேசியவரின் பெயரை இங்கே போடப்போவதில்லை. போட்டால் அவருக்கு இன்னும் இருநூறு லைக் கூடும், அவ்வளவுதான்.

நான் ஏஐ-யில், அதாவது செயற்கை நுண்ணறிவில், மாஸ்டர்ஸ் செய்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "அவர் உன்னை நினைத்துச் சொல்லவில்லை" என்று மூன்று பேர் இன்பாக்ஸில் ஆறுதல் சொன்னீர்கள். அது எனக்கும் தெரியும். என்னை நினைத்துச் சொல்லியிருந்தால், ஏதோ என் மேல் கோபம் என்று விட்டிருப்பேன். அவருக்கு நான் யாரென்றே தெரியாது. முன்வரிசையில் இருந்த அந்தப் பிள்ளைகளையும் தெரியாது. ஒருவரையும் தெரியாமலே எல்லோருக்கும் எது போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று மாத கோர்ஸ் மோசம் என்று நான் சொல்லவில்லை. நானே இரண்டு செய்திருக்கிறேன். பைதன் என்ற புரோகிராம் மொழியைப் பழகியதே அப்படி ஒரு கோர்ஸில்தான். கோர்ஸ் செய்யுங்கள், நூறு செய்யுங்கள். என் பிரச்சினை கோர்ஸ் அல்ல, 'போதும்'.

இந்தப் 'போதும்' நமக்குப் புதிதா? தாத்தாவுக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்றார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்ததே 1970களில்தான். அதற்கு முன் எங்கள் தோட்டத்தில் இருந்தது ஒரு கொட்டகை, ஒரு மாஸ்டர், ஐந்து வகுப்பு. அப்பாவுக்கு அந்த ஐந்தாம் வகுப்பு போதும். அண்ணனுக்கு ஓ.எல் போதும், வேலைக்குக் கொழும்பு புறக்கோட்டையில் கடை இருக்கிறதே. பிரஜாவுரிமையைக்கூட 1948இல் 'உங்களுக்கு வேண்டாம்' என்று சட்டம் போட்டுத்தான் பறித்தார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் யாரோ ஒருவர் தராசைப் பிடித்துக்கொண்டு 'இவ்வளவு போதும்' என்று நிறுத்துத் தந்திருக்கிறார். முன்பு தராசு தோட்டத்தை நடத்திய துரை கையில். இப்போது நம்மவர் கையில். நிறுக்கும்போது பிடிக்கிற கழிவு மட்டும் மாறவில்லை.

சரி, கோபம் கொஞ்சம் முன்னால் ஓடிவிட்டது. அவர் கேட்ட கேள்விக்கே வருகிறேன். "அதெல்லாம் எதுக்கு?"

கோர்ஸில் ஒரு மொடலுக்கு, அதாவது உதாரணங்களைப் பார்த்துப் பழகுகிற ஒரு புரோகிராமுக்கு, பயிற்சி கொடுக்க ஒரு வரி எழுதச் சொல்லித் தருவார்கள். எழுதினால் ஓடும். ஓடினால் சேர்ட்டிஃபிக்கட். ஓடாவிட்டால், அல்லது ஓடி முடிந்து அபத்தமாக ஏதாவது சொன்னால், ஏன் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது பேக்புரொபகேஷன். ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986இல் கட்டுரையாக எழுதிப் பிரபலமாக்கிய முறை. விடை எவ்வளவு பிழைத்தது என்று பார்த்து, அந்தப் பிழையில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று மொடலுக்குள் அடுக்கடுக்காக நடக்கிற கணக்குகளில் கடைசி அடுக்கிலிருந்து முதல் அடுக்குவரை பின்னோக்கிக் கணக்குப் பார்ப்பது. மாஸ்டர்ஸில் அதை ஒரு ராத்திரி முழுக்கப் பேனையால் கடதாசியில் போட வைத்தார்கள். ஏழாவது தாளில்தான் எனக்கு விளங்கியது, இது கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, முந்திய ஏ.எல் இணைந்த கணிதத்தில் படித்த அதே வகையீடு, அதே சங்கிலி விதி. ஹட்டனில் டியூஷன் கிளாஸின் கடைசி வாங்கில் நசுங்கிக்கொண்டு படித்தது. எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவே கிடையாது, அதனால்தான் ஹட்டன்.

அப்போது நாங்கள் படித்தது தாயம், காவி என்று. கம்பஸ் போனதும் ஒரே நாளில் மேட்ரிக்ஸ், வெக்டர். தாயம்தான் மேட்ரிக்ஸ் என்று மனம் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் விரிவுரையாளர் மூன்று ஸ்லைட் தாண்டியிருப்பார். தமிழ் மீடியத்திலிருந்து போனவர்களுக்கு நான் சொல்வது தெரியும். அந்த முதல் வருடத்தில் யாராவது வந்து 'போதும்மா, விட்டுரு' என்று சொல்லியிருந்தால் உண்மையாகவே விட்டிருப்பேன். அதனால்தான் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் மைக்கில் சொன்ன அந்த வார்த்தை எனக்கு இவ்வளவு சுடுகிறது.

"ஆனால் இப்போது எல்லாவற்றையும் சாட்ஜிபிடியே செய்யுமே?" கமெண்டில் ஒரு அண்ணன் கேட்டிருந்தார். நல்ல கேள்வி அண்ணா. என் ஆய்வே அதைப் பற்றித்தான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் செய்வது பேச்சை எழுத்தாக்குகிற மொடல்களைப் பற்றிய ஆய்வு. 2022இல், சாட்ஜிபிடியைச் செய்த அதே ஓபன்ஏஐ கம்பெனி வெளியிட்ட விஸ்பர் என்ற மொடல் இருக்கிறது. 680,000 மணித்தியால ஒலியைக் கேட்டுப் பழகியது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். மிச்சத்தில்தான் உலகத்தின் மற்ற மொழிகள் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன, தமிழும்தான். எங்கள் தமிழ் அதற்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனை நீட்டினேன். ஏதாவது பேசுங்கம்மா என்றேன். அம்மா வேலை முடிந்து வந்த களைப்பில், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. "என்னத்தப் பேச? மழையில கொழுந்து இல்ல. இன்னைக்கு அரைப் பேருதான் போட்டாங்க." அவ்வளவுதான். அதை மொடலுக்குக் கொடுத்து ஆங்கிலத்தில் தரச் சொன்னேன். பாதி ஆட்கள்தான் போட்டார்கள் என்று தந்தது. எதைப் போட்டார்கள், கோலமா?

வெளியூர் நண்பர்களுக்காக: பேர் என்றால் எங்களுக்கு ஒருநாள் வேலை, ஒருநாள் சம்பளம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். நாள் முழுக்க மலையில் நின்றாலும் அரைப் பேர்தான். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் அரிசிக் கணக்கு இருக்கிறது. மொடலுக்கு அது பாதி ஆட்கள்.

அண்ணா, இதை எந்தச் சாட்ஜிபிடி வந்து தானாகத் திருத்தப்போகிறது? யாராவது உட்கார்ந்து ஒலிப்பதிவு சேர்க்க வேண்டும், எழுத வேண்டும், பிழை எங்கே நடக்கிறது என்று தோண்ட வேண்டும். ஒலியில் பிழையா, எழுத்தில் பிழையா, அர்த்தத்தில் பிழையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதைத்தான் மாஸ்டர்ஸில் பழகுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 'கொழுந்து' என்று எழுதிப் பாருங்கள். நமக்கு நாலு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது எட்டுக் குறி: க, அதன் கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று, ழ, உகரம், ந, புள்ளி, த, உகரம். ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 24. ஆங்கில எழுத்து என்றால் ஒன்றுக்கு ஒரு பைட்தான். இந்த மொடல்கள் சொற்களைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வாசிக்கும். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் முழுசாகவோ இரண்டாகவோ போய்ச் சேரும். நம் சொல் பொடிப்பொடியாகப் போகும். துண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற இடத்தில் ஒரே விஷயத்தைத் தமிழில் கேட்டால் நமக்குப் பில் அதிகம். அங்கேயும் தராசுதான், பாருங்கள்.

இதெல்லாம் நான் செய்த இரண்டு கோர்ஸிலும் இல்லை.

"சரி தங்கச்சி, வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயம். மாஸ்டர்ஸ் இல்லாமலே இந்தத் துறையில் நல்ல சம்பளம் எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என் ஒஃபிஸிலேயே இருக்கிறார்கள். முதல் டிகிரி இலவசம், மாஸ்டர்ஸுக்குக் காசு கட்ட வேண்டும், அதுவும் சின்னக் காசல்ல. யோசித்துச் செய்ய வேண்டிய விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதை அந்தப் பிள்ளை யோசிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

"பொம்பளப் பிள்ளைக்கு வயசு போகுது" என்று எழுதிய மாமாவுக்குப் பதில் கிடையாது.

"அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்." இருக்கலாம். அவருடைய மகன் மெல்பேர்னில் படிப்பதும் மூன்று மாத கோர்ஸ்தானா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். மகனை இழுத்திருக்கக் கூடாது. சரி, இழுத்துவிட்டேன். அழிக்க மாட்டேன்.

எனக்கு உண்மையில் வலித்தது வேறொரு கமெண்ட். "படிச்சு என்னத்தக் கிழிச்சே? உன் சமூகத்துக்கு என்ன செஞ்சே?"

என் வகுப்பில் கொழும்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. "எப்ப முடியுது?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். ஒரு பிள்ளை தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகப் படிக்கலாம். நாங்கள் மட்டும் ஒரு சமூகத்தையே முதுகில் கட்டிக்கொண்டு, கூடை மாதிரி, மேலே ஏற வேண்டும். ஏறினால் எங்களுக்கு என்ன கொண்டுவந்தாய் என்பீர்கள். ஏறப் போனாலோ உனக்கு எதற்கு என்பீர்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழு பிள்ளைகளுக்கு ஸூமில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், உங்கள் கேள்வி எழுத வைத்துவிட்டது. இப்போது எழுதியதும் கேவலமாக இருக்கிறது, ரசீது காட்டுகிற மாதிரி.

என் முதல் தவணைப் பணத்தில் பாதி அண்ணனுடைய சீட்டுக் காசு. ஹார்ட்வெயார் கடைப் பில்லின் பின்பக்கத்தில் 'தங்கச்சி படிப்பு' என்று எழுதி, அதிலேயே காசைச் சுற்றித் தந்தார். பதினேழு வயதில் புறக்கோட்டைக்குப் போன ஆள். தரும்போது ஒன்று மட்டும் கேட்டார், "அது என்ன படிப்புன்னு எனக்கு வெளங்குற மாதிரி ஒருநாள் சொல்லு."

போன தீபாவளிக்குச் சொன்னேன். "மலைக்குப் புதுசா வர்ற பிள்ளைக்குக் கொழுந்து எடுக்க எப்படிப் பழக்குவாங்க? ரெண்டு இலையும் மொட்டும் கிள்ளினா கங்காணி ஒண்ணும் சொல்ல மாட்டார். முத்தல கிள்ளினா ஏசுவார். ஏச்சு வாங்கி வாங்கிக் கை தானாப் பழகிரும். மெஷினுக்கும் அப்படித்தான். இது சரி, இது பிழைன்னு ஆயிரக்கணக்கான படத்துக்குப் பக்கத்துல எழுதி வைப்பாங்க, அதப் பாத்துப் பாத்து அது பழகும்."

அண்ணன் பிளேன்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப கங்காணிக்கே பிழையாத் தெரிஞ்சா?"

கங்காணிக்கே பிழையாகத் தெரிந்தால், அந்தப் பிழையை மெஷின் சரி என்று பழகிக்கொள்ளும். முதல் செமஸ்டரில் எங்களுக்கு மூன்று கிழமை நடத்திய விஷயம் அது. அதற்கென்றே ஆய்வுகள், மாநாடுகள் இருக்கின்றன. ஓ.எல் போதும் என்று நிறுத்தப்பட்ட மனிதர் ஒரு பிளேன்டி ஆறுவதற்குள் அங்கே வந்து நின்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அண்ணன் தன் கேள்வி முட்டாள்தனம் என்று நினைத்து, "சும்மா கேட்டேன்" என்று எழுந்து போய்விட்டார்.

சேர், இந்தப் பதிவை யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். என் அண்ணனுக்கு எது போதும் என்று சொன்னவர் நீங்கள் இல்லை. அப்போது வேறொருவர் இருந்தார், அவரும் மைக்கில்தான் சொன்னார், அப்போதும் கைதட்டினார்கள்.

நீளமாகிவிட்டது. விடியக்காலை பஸ், நான் தூங்க வேண்டும். கமெண்டில் சண்டை போடுங்கள், மரியாதையாகப் போடுங்கள். அந்த வீடியோவை இனிமேல் எனக்கு அனுப்ப வேண்டாம். இதுவரை பதினான்கு பேர் அனுப்பிவிட்டீர்கள். அதில் ஒருவன் கைதட்டிய பெரியப்பா மகன், "பாத்தியா, எப்படிப் பேசியிருக்கான்னு" என்று கோபமுகம் போட்டு.