கட்-ஆஃபில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் கிடையாது

"கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தால்தான் பி.இ. சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்) கிடைக்கும்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறுங்க. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் (தரவரிசைக்கான மதிப்பெண்) 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பிளஸ் டூவில் கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 84 என்றால் 92+44+42, ஆக 178. நாலாவது பாடம் உயிரியலா கம்ப்யூட்டரா என்று கணக்கில் வராது. பயோ-மேத்ஸ் (உயிரியலும் கணிதமும் உள்ள குரூப்) படித்தவர்களும் தாராளமாக சிஎஸ்இ சேரலாம், சேர்கிறார்கள்.

மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் எடுத்தால் இந்தக் கட்-ஆஃபே போட முடியாது. மருத்துவப் படிப்புக்கு நீட் எழுதுபவருக்கு உயிரியல் வேண்டும், கணிதம் வேண்டாம். இன்ஜினியரிங், மருத்துவம் என இரண்டு யோசனையும் இருந்தால் பயோ-மேத்ஸ். சுமை கூடுதல்தான், அதைப் பிள்ளையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.