பஞ்சிகாவத்தைக்குப் போகும் பிளேன்கள்

நேற்று வட்ஸ்அப் குழுவொன்றில் ஒரு படம் வந்தது. பாலைவனம், வரிசை வரிசையாகப் பென்னம்பெரிய விமானங்கள், கீழே "விமானங்களின் சுடுகாடு" என்று ஒரு வரி. உடனே ஆளுக்கொரு ஒப்பாரி. எனக்கென்னவோ அழுகை வரவில்லை. கொழும்பில் கழட்டின வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைதான் ஞாபகம் வந்தது.

போன மாதம் எங்கள் பழைய வானுக்கு ஓல்டனேட்டர் தேடி அங்கே போயிருந்தேன். கடைக்கார நானா பழைய பேப்பர் ஒன்றை விரித்து, கிறீஸ் அப்பின கையால் ஒன்றைத் தூக்கி வைத்தார். ஒரு விரலால் சுற்றிவிட்டு, காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். சத்தமே இல்லை. "கழட்டின சாமான் தம்பி. புதுசை விட உழைக்கும்." அது பூட்டியிருந்த வாகனம் ஜப்பானில் எப்போதோ உயிரை விட்டிருக்கும். சாமான் மட்டும் இப்போது எங்கள் வானுக்குள் இருந்துகொண்டு காலி வீதியில் ஓடித் திரிகிறது. அதைப்போய் யாராவது சுடுகாடு என்பார்களா?

பெரிய விமானங்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். நாலு எஞ்சின் ஏர்பஸ் ஏ340ஐ எடுங்கள். 1994இல் எங்கள் ஏர் லங்காவும் அதைப் பறக்கவிட்டது. அதே வேலையை இரண்டு எஞ்சினில் முடிக்கிற போயிங் 777, பிறகு ஏ350 எல்லாம் வந்தபின், நாலு எஞ்சினுக்கு எண்ணெய் அடிக்க யாருக்கு மனம் வரும்? 2011இல் ஏர்பஸ் அதைச் செய்வதையே நிறுத்தியது. அதற்குப் பிறகு ஏ340 முழுசாக இருப்பதைவிடப் பிரித்து விற்றால்தான் காசு. இரண்டு மாடி ஏ380இன் கதை இன்னும் மோசம். 2007 ஒக்டோபர் 25 அன்று சிங்கப்பூரில் இருந்து சிட்னிக்கு முதல் பயணிகளை ஏற்றிப்போன அதே விமானம், பத்தே வருடத்தில் வேலையால் நின்று, பிரான்சின் தார்ப் நகரில் வெட்டப்பட்டது. ஆனால் அதன் எஞ்சின்கள் வேறு இடத்துக்குப் போய் வாடகை உழைத்துக்கொண்டிருந்தன. உடம்பு கிடக்க உறுப்புகள் சம்பாதித்தன.

சுடுகாடு என்ற சொல் பிடிக்காததற்கு இன்னொரு காரணம், போனவை திரும்பியும் வருகின்றன. கோவிட் நேரம் லுஃப்தான்சா தன் ஏ380களுக்குக் கிட்டத்தட்ட காடாற்றியே விட்டது. பிறகு சனம் பறக்கத் தொடங்க, ஸ்பெயினின் தெருவெலில் நின்றவற்றை எழுப்பி 2023இல் மறுபடி ஓட்டத்துக்கு விட்டது. அவுஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸ் வெயிலில் நின்ற சிங்கப்பூர்க்காரரின் விமானங்களில் சிலவும் அப்படித் திரும்பியவைதான்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் அடுத்த கதை தொடங்கும். "மத்தலை சும்மாதானே கிடக்குது, அங்கை கொண்டுவந்து விட்டால் டொலர் கொட்டுமே!" அந்தக் குழுவிலும் இரண்டு பேர் இதையே எழுதியிருந்தார்கள். அம்பாந்தோட்டைப் பக்கத்து மத்தலை விமான நிலையத்தில் 3,500 மீற்றர் ஓடுபாதை இருக்கிறது, உண்மைதான். 2013இல் திறந்தபோது ஏ380 இறங்கும் என்றுதான் சொன்னார்கள். பிறகு சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை இறங்கியது வேறு கதை.

ஓடுபாதை இருந்தால் போதும் என்றால் அமெரிக்காக்காரன் ஏன் அரிசோனா, கலிபோர்னியா என்று பாலைவனமாகப் பார்த்துப் போகிறான்? காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. அம்பாந்தோட்டை எங்களுக்கு உப்பு விளைகிற ஊர். அந்தக் காற்றில் வருடக்கணக்கில் அலுமினியத்தை நிறுத்திவிட்டு என்ன நடக்கும் என்று, கடற்கரைப் பக்கம் வீடு உள்ள வெள்ளவத்தை ஆட்களிடம் கேளுங்கள், ஜன்னல் கம்பியைக் காட்டுவார்கள். பக்கத்தில் பூந்தல, பறவைகளின் ஊர். விமானத்தில் ஒரு சின்னத் துவாரம் மூடாமல் இருந்தாலே குருவியோ குளவியோ கூடு கட்டிவிடும்.

நிறுத்திவைப்பதும் சும்மா நிறுத்துவது இல்லை. எஞ்சின் வாயை மூடி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் வைத்து, ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் ஒட்டி, ரயர் ஒரே பக்கம் அமுங்காதபடி அடிக்கடி சில்லை உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். எஞ்சினைக் கழட்டினால் அந்தப் பாரத்துக்குப் பதிலாகச் சீமெந்துக் கட்டியைத் தூக்குவார்கள். செட்டையில் சீமெந்து தொங்க நிற்கிற ஜம்போவின் படத்தைப் பார்த்தால், கல்லுக் கட்டின புடலங்காய் மாதிரி இருக்கும்.

இதெல்லாம்கூடப் பெரிசில்லை, பழக்கினால் எங்கள் பெடியன்களும் செய்வார்கள். உண்மையான சரக்கு கடதாசி. பஞ்சிகாவத்தையில் ஒரு சைட் மிரர் வாங்கினால் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. (கேட்காமல் விட்டால்தான் நிம்மதி. சிலவேளை அது உங்களுடையதாகவே இருக்கும்.) விமானச் சாமானுக்கு அப்படி இல்லை. எஞ்சினுக்குள் சுழல்கிற தட்டு செய்த நாள் தொட்டு எத்தனை தரம் ஏறி இறங்கியது என்ற முழுக்கணக்கும் கூடவே வரவேண்டும். நடுவில் ஒரு துண்டு துலைந்தால், மினுங்குகிற தட்டும் பழைய இரும்பு விலைக்குத்தான். 2023இல் லண்டனில் இருந்த ஒரு சின்னக் கம்பனி, பொய்க் கடதாசியோடு சிஎஃப்எம்56 எஞ்சின் பாகங்கள் விற்றது பிடிபட்டது. அதற்காக உலகம் முழுக்க விமானக் கம்பனிகள் எஞ்சின்களைக் கழட்டித் தேடவேண்டி வந்தது. காணி உறுதியையே ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாத நாங்கள் இந்த வியாபாரத்துக்கு எந்தத் துணிவில் போகிறோம் என்பதுதான் என் கேள்வி. கைக்கெட்டின தூரத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கழட்டத் தெரிந்த, கணக்கெழுதத் தெரிந்த தொழில்நுட்பவியலாளர்களை உருவாக்கலாம். இருக்கிறவர்களையே வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு ஓடுபாதையின் நீளத்தைச் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

விமானத்தை ஹோட்டலாக்குங்கள், நினைவுச் சின்னமாக்குங்கள் என்கிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. பிரிட்டிஷ் ஏர்வேய்ஸின் ஒரு 747ஐ இங்கிலாந்தின் கெம்பிள் விமானத்தளம் ஒரு பவுணுக்கு வாங்கி விருந்து மண்டபம் ஆக்கியிருக்கிறது. ஒன்று இருக்கட்டும், பார்க்க வடிவு. மற்றவற்றை வெட்டத்தான் வேண்டும். அலுமினியமாவது உருகி இன்னொன்றாகும்.

எனக்கு ஒட்டுதலே இல்லை என்று நினைக்க வேண்டாம். 95 கடைசியில், வெள்ளவத்தை லொட்ஜில் ஏழு மாதம் காத்திருந்த மாமா லண்டனுக்கு ஏறினது ஏர் லங்காவின் ஏ340இல்தான். கட்டுநாயக்கவில் கம்பிக்கு வெளியே நின்று அந்தச் சிவப்பு மயில் வால் மறையும்வரை அம்மம்மா கையை இறக்கவில்லை. அந்தக் கம்பனியின் ஏ340களில் ஒன்று 2001 ஜூலை 24 தாக்குதலில் அங்கேயே எரிந்தது. மிச்சம் இருந்தவற்றை 2010களின் நடுவில் சேவையில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

இதை எழுத முதல் மாமாவுக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"என்னடா, நான் வந்த பிளேனும் போட்டுதோ?"

"அநேகமா வெட்டியிருப்பாங்கள் மாமா."

"37 கே. ஜன்னல் சீற். முன்சீற்றின்ர மேசை ஒரு பக்கம் உடைஞ்சு, லண்டன் மட்டும் சோத்துத் தட்டைக் கையிலதான் பிடிச்சுக்கொண்டு வந்தனான். அந்த மேசையையும் ஆரும் வாங்கியிருப்பாங்களோ?"