கார் மெக்கானிக் கேம் ஆடினால் ரிப்பேர் வேலை வருமா?

வரும். ஆனால் பாதிதான் வரும். அந்தப் பாதி எது என்று தெரியாமல் ஸ்பானரைத் தூக்கினால் வண்டிக்குத்தான் கேடு. மன்னார்குடியிலிருந்து மயிலாடுதுறை வரைக்கும் ஐடிஐ, பாலிடெக்னிக் படிக்கிற பையன்கள் ‘கார் மெக்கானிக் சிமுலேட்டர்’ ஆடினால் வீட்டில் வெட்டிவேலை என்று திட்டு விழுகிறது. பையன்களோ இன்ஜினையே இறக்கி ஏற்றப் பழகிவிட்டதாக நினைக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒப்பில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எதைக் கழற்றாமல் எதைக் கழற்ற முடியாது என்கிற வரிசை இந்த கேம்களில் நன்றாகவே மனதில் ஏறும். கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமானால் முதலில் கியர் பாக்ஸ் இறங்க வேண்டும். இன்ஜினை இறக்குவதற்கு முன் ஆயிலை வடிக்க வேண்டும். 2021-ல் வந்த பதிப்பில் ஆயில், கூலன்ட் என்று ஒவ்வொன்றையும் வடித்து, பிறகு ஊற்றவும் வேண்டும். ஐடிஐ பட்டறையில் ஒரு இன்ஜினைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றால், பின்வரிசைப் பையனுக்கு முன்னால் நிற்பவன் முதுகுதான் தெரியும். அவனுக்கு ராக்கர் ஆர்ம் எது, டைமிங் செயின் எங்கே ஓடுகிறது என்று லேப்டாப்பில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது பெரிய உதவி. பார்ட்ஸ் பெயர் தெரிந்து கடையில் போய்க் கேட்பதே பாதித் தைரியம்.

2016-ல் வெளிவந்த ‘மை சம்மர் கார்’ இன்னும் ஒரு படி மேல். 1995-ம் வருஷத்து ஃபின்லாந்துக் கிராமத்தில், பிரித்துக் கிடக்கும் ஒரு பழைய காரை நீங்களே போல்ட் போல்ட்டாக மாட்ட வேண்டும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் சரியான நம்பர் ஸ்பானரை எடுத்தால்தான் திரும்பும். டேப்பட் ஸ்க்ரூவைத் திருப்பி வால்வு இடைவெளி வைக்க வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் பிடிக்க வேண்டும். ஒரு போல்ட் லூசாக இருந்தால் ஓட்டும்போது பார்ட் கழன்று விழும். நம் ஆட்கள் பலர் நிஜ வண்டியிலேயே அவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை.

கோளாறு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், சதவீதத்தில். கேமில் ஒரு பார்ட்டைச் சோதித்தால் ‘34%’ என்று எழுதி வரும். சிவப்பாக இருந்தால் மாற்று, பச்சையாக இருந்தால் விடு. இதே பழக்கத்தோடு பட்டறைக்கு வருபவன் பார்ட் மாற்றுபவனாகத்தான் இருப்பான், கோளாறு கண்டுபிடிப்பவனாக ஆகமாட்டான். நிஜத்தில் எந்தப் பார்ட்டும் தன் நிலைமையைச் சொல்லாது, நாம்தான் அளக்க வேண்டும். 100 சிசி பைக் செயினில் தொய்வு பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் எந்த இடத்தில் அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்து அளக்க வேண்டும். தொய்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால், இறுகிய இடம் வரும்போதெல்லாம் பின்சக்கர பேரிங்குக்கு அடி.

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டும் அப்படித்தான். கேம் எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். நிஜத்தில் கேஜில் குறைவாகக் காட்டினால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு மறுபடி கிக் அடித்துப் பார்க்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டன் ரிங்கு அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது; ஆயில் அந்த இடுக்கை அடைத்ததால்தான் ஏறியது. ஏறவே இல்லையென்றால் வால்வு சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் ஹெட் பேக்கிங் போயிருக்கிறது. ரிங்குக்கு ஒரு செலவு, வால்வுக்கு வேறு செலவு. ஒரு ஸ்பூன் ஆயிலில் அது பிரிந்துவிடும்.

அடுத்தது கை. மவுஸை அழுத்திப் பிடித்தால் போல்ட் தானாகக் கழன்று வருகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று பட்ட போல்ட்டை அப்படிக் கழற்றிப் பாருங்கள்! அலுமினிய பாடியில் இரும்பு போல்ட் உப்போடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். அதற்கு ஓப்பன் ஸ்பானர் ஆகாது, தலையை உருட்டிவிடும். ரிங் ஸ்பானரோ ஆறு முனை பாக்ஸ் ஸ்பானரோதான் வேண்டும். துருவெண்ணெய் அடித்து அரைமணி நேரமாவது ஊறவிட்டு, தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசைத்துவிட்டு அப்புறம் கழற்ற வேண்டும். கழன்று வரும்போது திடீரென்று மறுபடி இறுகினால் அப்படியே திருகாதீர்கள். உள்ளே போய் வெளியே வந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். ஒடிந்துவிட்டால் அப்புறம் டிரில் போட்டு, டேப் அடித்து, லேத் பட்டறை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இறுக்குவது இதைவிட மோசம். பைக் இன்ஜின் கவரில் வரும் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். நட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஸ்பானரைப் பிடித்தால் அது சுமார் 10 கிலோ இழுப்பு. அதே இழுப்பை 25 செ.மீ. கைப்பிடியில் கொடுத்தால் 25 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும், அலுமினியத்தில் மரை போய்விடும். ஆயில் கசிகிறது என்று போல்ட்டை இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் செய்வது இதைத்தான். கசிவு பெரும்பாலும் பேக்கிங்கில் இருக்கும், போல்ட்டில் இருக்காது. சின்ன போல்ட்டுக்குச் சின்ன ஸ்பானர் என்று கம்பெனி செய்திருப்பது காரணத்தோடுதான். அதில் பைப்பைச் சொருகி நீட்டாதீர்கள்.

நம் ஊருக்கு அதிகம் தேவைப்படும் வேலை எந்தக் கார் கேமிலும் இல்லை, அது எனக்கு ஒரு குறை. கடைமடையில் வாய்க்கால் தண்ணீரை இறைக்க வைத்திருக்கும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினைத்தான் சொல்கிறேன். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் மாதக்கணக்கில் சும்மா கிடந்திருக்கும். டேங்க் காலியாகி ஏர் புகுந்திருந்தால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கிளம்பாது. காரணம் எளிது. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில் திறக்க 200 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும், கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. பைப்பில் காற்றுக் குமிழி இருந்தால், பம்ப் தள்ளுகிற தள்ளு குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். அந்த அழுத்தம் நாசிலுக்கு வந்து சேராது.

ஏர் எடுக்கும் வரிசை டேங்கிலிருந்து நாசிலை நோக்கிப் போக வேண்டும். டேங்கை நிரப்பி, ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவை லூசாக்குங்கள். நுரையோடு வரும் டீசல், நுரை இல்லாமல் வடியும்போதே, வடிந்துகொண்டிருக்கையிலேயே இறுக்குங்கள். நின்ற பிறகு இறுக்கினால் மறுபடி காற்று. அடுத்து பம்பில் இருக்கும் ஸ்க்ரூவிலும் அப்படியே. கடைசியில் நாசில் பக்கத்துப் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். நட்டில் டீசல் விட்டு விட்டுத் துப்பினால் இறுக்கிவிடலாம். இப்போது சுற்றும்போது நாசிலில் ‘கிர்க்… கிர்க்’ என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் லீவரை இறக்குங்கள், கிளம்பிவிடும். நாசிலை வெளியே கழற்றிச் சோதிப்பவர்கள் பீச்சுகிற பக்கம் விரலை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளிதானே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

ஆகவே கேம் ஆடுகிற பையன் வீட்டில் இருந்தால் திட்டாதீர்கள், அடுத்த படியைக் காட்டுங்கள். காயலான் கடையில் ஓடாத பழைய டூ ஸ்ட்ரோக் டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் இன்ஜின் ஒன்றைத் தேடி வாங்கிக் கொடுக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி வால்வு, கேம் ஷாஃப்ட் எல்லாம் அதில் இல்லை; ஹெட்டைக் கழற்றி பேரலை (சிலிண்டரை)த் தூக்கினால் பிஸ்டன் கையில். ஸ்பானர் செட், சர்க்லிப் பிளேயர், ஃபீலர் கேஜ் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். பிஸ்டன் பின் சர்க்லிப்பை எடுக்கும் முன் கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைக்கச் சொல்லுங்கள், கிளிப் தெறித்தால் நேராக உள்ளேதான் விழும். திரும்ப மாட்டும்போது ரிங்கின் வாய், பிஸ்டன் காடியில் இருக்கும் சின்ன முளையோடு பொருந்தி உட்கார வேண்டும். பொருந்தாமல் பேரலைத் தட்டி இறக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், ரிங்கு ஒடிந்த சத்தம். இரண்டு விரலால் ரிங்கை அமுக்கிப் பிடித்து, பேரலைக் கையால் அழுத்தினாலே இறங்க வேண்டும். சுத்தியலைத் தேடினால் ரிங்கு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.