நண்பகல் இருளுக்குச் சந்திர கிரகணம் காரணமா?

ஒருவர் "கி.பி. 33 ஏப்ரல் 3, இயேசு சிலுவையில் இருந்தபோது நண்பகலில் வந்த இருளுக்குக் காரணம் முழுச் சந்திர கிரகணம், நாசாவே உறுதி செய்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அந்தத் தேதியில் ஒரு கிரகணம் நடந்தது உண்மைதான், ஆனால் நாசாவின் பட்டியலில் அது பகுதி கிரகணம். உச்சத்தில் நிலாவில் சுமார் 60 சதவீதம்தான் பூமியின் நிழலுக்குள் போனது.

அதைவிடப் பெரிய சிக்கல், நண்பகலில் நிலா எருசலேமின் தொடுவானத்துக்குக் கீழே இருந்தது. முழுநிலா எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்தானே இருக்கும், கண்ணிலேயே படாத நிலா எப்படிப் பகலை இருட்டாக்கும்? கிரகணத்தின் உச்சம் உள்ளூர் நேரப்படி மாலை ஐந்தை ஒட்டி வந்தது. ஆறு மணிக்கு மேல் நிலா உதித்தபோது கிரகணம் முடியும் தறுவாயில் இருந்தது, ஓரத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் மங்கலாக, அதுவும் அந்தி வெளிச்சத்தில்.

சரி, இந்தக் கிரகணத்தை "ரத்த நிலா" என்று சொல்வது எங்கிருந்து வந்தது? 1983-இல் ஹம்ப்ரீஸ், வாடிங்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நேச்சர் அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையில், பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் "சந்திரன் இரத்தமாக மாறும்" என்ற வரியை இந்தக் கிரகணத்தோடு பொருத்தினார்கள். அப்படிச் சிவப்பாகத் தெரிந்திருக்காது என்று அப்புறம் வானியலாளர் ஷேஃபர் மறுத்தார். அவர் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, பகுதி கிரகணத்தில் வெளிச்சமான பக்கத்தின் கூச்சம் அந்த மங்கிய சிவப்பை அமுக்கிவிடும்.

சூரிய கிரகணம் என்றும் சொல்ல முடியாது. இயேசு சிலுவையில் அறையப்பட்டது யூதர்களின் பஸ்கா பண்டிகை சமயத்தில்; பஸ்கா முழுநிலாவை ஒட்டி வருவது, சூரிய கிரகணத்துக்கு அமாவாசை வேண்டும். சிலுவையில் அறையப்பட்ட தேதியே கி.பி. 30 ஏப்ரல் 7 என்று சொல்லும் அறிஞர்களும் நிறைய.