படிக்கும்போதே அணையும் திரை

பேட்டரி சேவரைப் போட்டுவிட்டால் போதும், திரையை அணைப்பதிலேயே குறியாக இருக்கிறது என் போன். நான் 2 நிமிடம் என்று வைத்ததை மதிக்காமல் 30 நொடிக்கு இறக்கிவிடுகிறது. மாற்றலாம் என்று செட்டிங்ஸுக்குப் போனால் அந்த வரியே மங்கிக் கிடக்கிறது, தொடவே முடியாது.

அடுப்படியில்தான் பெரிய கொடுமை. புளி கரைத்த கையோடு, அடுத்து என்ன போடணும் என்று குறிப்பைப் பார்த்தால் இருட்டு. ஈர விரலைக் கைரேகை சென்சார் ஏற்காது. கழுவி, துடைத்து, பேட்டர்ன் போடுவதற்குள் கடுகு கருகிவிடுகிறது.

திரைதான் சார்ஜை அதிகம் தின்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் கறுப்புப் பின்னணி போட்டால் கறுப்பான புள்ளிகள் ஒளிராது, மின்சாரம் மிச்சமாகும். (எல்சிடி வகைத் திரையில் பின்விளக்கு எப்படியும் எரியும், அங்கே இது செல்லாது.) படிக்கிறவர் கண்ணெதிரே அணைப்பது என்ன சிக்கனம்?

வீடியோ ஓடும்போது மட்டும் திரை அணையாது. அணைக்காதே என்று அந்த ஆப் சொல்லிவைக்கிறது. சமையல் குறிப்புக்கும் பாடப் புத்தகத்துக்கும் அதே வசதியைக் கொடுத்தால் என்ன? எந்த ஆப்புக்கு எவ்வளவு நேரம் என்று நானே வைத்துக்கொள்கிறேன், விடுங்கள்!